பாலாறும் தோற்றொழிலும்

திருவள்ளுவர் தம் நூலுள் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்தனர். நீத்தார் பெருமையும் அறன் வலியுறுத்தலும் அதன் பின்னரே வருகின்றன. நீரில்லாத நாட்டில் துறவுமில்லை, இல்லறமுமில்லை, அரசுமில்லை என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும். ஆயின், நீர் கண்முன்னே கிடந்தும் அது குடித்தற்கும் பாய்ச்சுதற்கும் ஆகாததாய்விடின் அந்நாட்டின் நிலை யாதாகும்? இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்னும் ஊர்களைச் சூழ்ந்து வாழ்வோர்க்கு இது கிணற்றடியிலேயே எழுவதாகும். எம் தாயைப் பெற்ற தாத்தா பாலாற்றங்கரையில் உழுதுண்டு வாழ்ந்தவர். எம் தந்தையாரோ தோல் பதனிடும் ஆலையொன்றில் இருபத்தைந்தாண்டுகளாகக் கூலிக்கு உழைப்பவர். ஒருவர் தொழில் மற்றவர் கிணற்றைக் கெடுத்ததென்று ஊரார் கூறுவர். இவ்விருவர் கையாலும் சோறுண்டு வளர்ந்த யாம், இப்பொருள்பற்றி நடுநின்று எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

பாலாறு கருநாடகத்து நந்திமலைப் பகுதியிலே தோன்றி, அந்நாட்டில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டரும் சென்று, வாயலூருக்கருகே வங்கக் கடலிற் கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் பாலத்தின்மேல் நின்று அதனைக் காணும் வெளியூரார், "இதுவோ ஆறு?" என்று வினவுவர். மணற்பரப்பும் சீமைக்கருவேலமுமே அவர் கண்ணிற் படும். ஆனால் மேலே வறண்டு தோன்றும் அம்மணலின் அடியில் நீர் மெல்லச் சென்றுகொண்டிருக்கும். முன்னாளில் உழவர் ஆற்றுமணலை அகழ்ந்து ஊற்றுக்கால் வெட்டி அந்நீரை வயலுக்குக் கொணர்ந்தனர். கரையிலுள்ள ஊர்கள் ஆற்றினுள்ளேயே கிணறு இறக்கிக் குடிநீர் எடுத்தன. "பாலாறு வற்றவில்லையப்பா, படுத்திருக்கிறது" என்று எம் தாத்தா சிறுவயதில் எமக்குச் சொல்வதுண்டு. இவ்வியல்பே அவ்வாற்றின் பெருமை. இவ்வியல்பே அதன் கேட்டிற்கும் வாயிலாயிற்று. மணலூடே நீர் எளிதில் இறங்குமாயின், நீரிற் கரைந்த யாவும் உடன் இறங்குமன்றோ?

நிற்க. தோல் பதனிடுதல் இழிந்த தொழிலன்று, புதிய தொழிலுமன்று. இளங்கோவடிகள் புகார் நகரத்து மாந்தரை எண்ணுமிடத்துத் தோல் தைப்போரையும் உளப்படுத்தினர். கிறிஸ்தவ வேதத்திலே, அப்போஸ்தலனாகிய பேதுரு யோப்பா பட்டணத்தில் தங்கியது சீமோன் என்னும் தோல் பதனிடுபவன் வீட்டிலாகும். அவ்வீடு கடலோரத்தில் இருந்ததென அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். இத்தொழில் செய்வோர் நீர்க்கரையை நாடுதல் அன்றும் இன்றும் ஒரு தன்மைத்தே. நம் மாகாணத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல், 19ஆம் நூற்றாண்டிலேயே கடல்கடந்து சென்று 'கிழக்கிந்தியத் தோல்' எனப் பெயர் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் குரோமியங்கொண்டு பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்திற் புகுத்தினார். 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. 1970களில் இந்திய அரசு, பச்சைத் தோலும் பாதி பதனிட்ட தோலும் வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்தி, முற்றும் பதனிட்ட தோலாகவும் காலணியாகவும் அனுப்புமாறு ஊக்கிற்று. அதனால் வேலை பெருகிற்று, வெளிநாட்டுச் செலாவணி பெருகிற்று, குரோமியமும் நீர்ச்செலவும் உடன் பெருகின. இற்றை நாளில் எம் ஊர்ப் பெண்டிர் விடியலிலே சோற்றுப் பாத்திரத்துடன் காலணி ஆலைப் பேருந்துக்குக் காத்து நிற்பர். அப்பேருந்து வாராத நாளில் பல வீடுகளில் அடுப்பெரியாது. இதனை மறந்து தோற்றொழிலைப் பழிப்பது எளிது. எம்மால் அது இயலாது.

இனி, நீர் கெடும் வகையை ஆராய்வோம். இதனை எம் தந்தையாரிடமே கேட்டறிந்தோம். உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதனைத் தடுக்கத் தோலின் எடையில் மூன்றிலொரு பங்கு முதற் பாதி வரை உப்பைத் தடவி ஆலைக்கு அனுப்புவர். ஆலையில் முதல் வேலை அவ்வுப்பைக் கழுவிப் போக்குதலே. பின்னர்ச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இட்டு மயிரை நீக்குவர், சதையை வழிப்பர், அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊற்றி வைப்பர். அதன்பின்னரே தொழிலாளர் 'டிரம்' என வழங்கும் பெரிய மரவுருளையிலிட்டுக் குரோமிய உப்புடன் சுழற்றுவர். வழக்கமான முறையில் அக்குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தோலிற் பற்றும். எஞ்சியது நீரோடு வெளியேறும். 1,000 கிலோ பச்சைத் தோலிலிருந்து கிடைக்கும் முற்றிய தோல் 200 முதல் 250 கிலோவே. ஒரு கிலோ தோல் முற்றுப்பெற ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாமென உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று குறிக்கின்றது.

இக்கழிவுநீரைக் காண்போர் அதன் நாற்றத்தையும் நிறத்தையுமே அஞ்சுவர். ஆராயின், நாற்றத்துக்குக் காரணமான ஊன்கழிவு நுண்ணுயிர்களால் சிதைக்கப்படக் கூடியது. குரோமியமும் சுண்ணாம்பு முதலியன சேர்த்தால் சேறாய் அடியிற் படியும். உப்பின் செய்தி வேறு. உப்புக்கு நிறமில்லை, நாற்றமுமில்லை. அது படிவதுமில்லை, சிதைவதுமில்லை. எந்த நுண்ணுயிரும் அதனை உண்டு தீர்ப்பதுமில்லை. கரைந்தவுடன் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. போனபின்னும் இருக்கின்றது. குடிநீரில் கரைந்துள்ள உப்புக்களின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடையாதவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரவிதி. பதனிடும் ஆலையினின்றும் வரும் நீரிலோ அது பத்தாயிரத்துக்கும் மேற்படும்.

தமிழ் பயில்வோராகிய நாம் இரு சொற்கள் ஒரே பொருளனவா வேறு பொருளனவா என்று ஆராய்வது வழக்கம். மறைதல், ஒழிதல் என்னும் இரண்டையும் பேச்சில் ஒன்றாகவே வழங்குகின்றோம். பாலாற்றின் வரலாறோ இவ்விரண்டும் வெவ்வேறு என்று காட்டுகின்றது. கழிவுநீர் ஓடையில் ஓடி மணலில் இறங்கியபோது அது மறைந்தது. ஒழிந்ததென்று எல்லோரும் எண்ணினர். அது ஒழியவில்லை. தாத்தாவின் கிணற்றில் வந்து ஏறிற்று.

அதனை முதலிற் கண்டவர் அதிகாரியுமல்லர், ஆராய்ச்சியாளருமல்லர், எம் பாட்டியாரேயாவர். 1980களில் ஒருநாள் பருப்பு வேகவில்லை என்றாராம். விறகைக் குறை கூறினர், பருப்பைக் குறை கூறினர், கடைக்காரரையும் குறை கூறினர். பின்னர்ச் சோப்பு நுரையாதாயிற்று. அதன்பின் நெற்கதிரில் பதர் மிகுந்தது. வரப்போரத்தில் வெள்ளையாய் உவர் பூத்தது. தென்னையின் காய் ஆண்டுக்காண்டு சிறுத்தது. இவ்வளவும் நிகழச் சில ஆண்டுகளே ஆயின. "தாத்தா, நீங்கள் ஏன் ஆலைக்காரரைப் போய்க் கேட்கவில்லை?" என்று யாம் ஒருகால் வினவினோம். "யாரைக் கேட்பதப்பா? மணலுக்குள்ளே போன தண்ணீரில் எந்த ஆலையின் பெயர் எழுதியிருக்கிறது?" என்றார். இம்மறுமொழியைக் கேட்டபின் யாம் நெடுநேரம் பேசவில்லை. ஒரு திருடன் களவாடினால் அவனைச் சுட்டலாம். பலர் சிறிது சிறிதாய்க் கெடுத்த நீரில் கெடுத்தவன் யாவன் என்று கிணற்றுக்குரியவன் எங்ஙனம் காட்டுவான்?

இவ்வினாவுக்கு விடைதேடி வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தனர். அதற்கு முன்னரே, 1987இல், கங்கைக்கரைக் கான்பூர்த் தோலாலைகள் பற்றிய வழக்கில் அந்நீதிமன்றம் ஒரு நெறியைக் காட்டியிருந்தது. தொழிலாளிக்குக் குறைந்த அளவுக் கூலியும் கொடுக்க மாட்டாத தொழில் நடத்தற்குரியதன்று. அதுபோலவே முதனிலைச் சுத்திகரிப்புக்கேனும் வழிசெய்ய மாட்டாத ஆலையும் நடத்தற்குரியதன்று என்பதே அது. வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டின் தோலாலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் நிலம் முற்றுமாகவோ பகுதியாகவோ பயிர்க்கு உதவாதாயிற்று என்னும் கணக்கு அத்தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. தீமை வருமுன் காத்தலும், மாசுபடுத்தினோரே அதன் விலையைச் செலுத்துதலும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. வழக்கிற்குட்பட்ட மாவட்டங்களின் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் பணித்தது. யாரைக் கேட்பது என்ற தாத்தாவின் வினாவுக்கு, எல்லாரையும் சேர்த்துக் கேட்கலாம் என்பதே அத்தீர்ப்பின் விடையாகும்.

விடை கிடைத்தது. கைக்கு வந்தது சிறிது. ஆணையம் 2001இல் ஏறத்தாழ 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட இழப்பீட்டை வகுத்தது. கணக்கிட்டுப் பார்ப்பின் சராசரியாய் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாயும் நிரம்பாது. தாத்தா தமக்கு வந்த தொகையோடு கடனும் வாங்கி ஆழ்துளைக் கிணறு ஒன்று இட்டார். அதிலும் உவர்நீரே வந்தது. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் இப்பொருளை எடுத்து, எஞ்சிய இழப்பீட்டை அரசு கொடுத்து அதனை மாசுபடுத்தினோரிடமிருந்து மீட்க வேண்டுமென்றும், ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றைச் சீர்படுத்த வேண்டுமென்றும் ஆணையிட்டது. வழக்குத் தொடங்கி 34 ஆண்டுகள் கழிந்தன. ஏட்டில் எழுதப்பட்ட நீதியும் ஏட்டுக்குள்ளேயே மறைந்திருக்கக் கூடும் என்பதை இதனால் அறிகின்றோம்.

இக்காலத்தில் ஒன்றும் நடைபெறவில்லை என்று கூறுதல் உண்மையாகாது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு முதலிய இடங்களில் ஆலையார் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தனர். உப்பை நீக்காத பழைய முறை போதாதென்று கண்டபின், ஒரு துளியும் வெளிவிடாத முறை புகுத்தப்பட்டது. சுத்தம்செய்த நீரை மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்தி, நன்னீரைப் பிரித்து ஆலைக்கே திருப்புவர். எஞ்சிய கடுமையான உவர்நீரை நீராவியாற் காய்ச்சி வற்றச் செய்வர். இது பெருஞ் செலவும் எரிபொருளும் வேண்டும் வேலை. முடிவில் கிடைப்பது ஓர் உப்புக் குவியல். அது சமையலுக்கும் ஆகாது, பல உப்புக்கள் கலந்திருத்தலின் தொழிலுக்கும் எளிதிற் பயன்படாது. கூரையிட்ட கொட்டகைகளில் மூட்டை மூட்டையாய் அடுக்கி வைக்கப்படுகின்றது. ஆற்றில் மறைந்திருந்தது இப்பொழுது கொட்டகையிற் கிடக்கின்றது. கண்ணுக்குத் தெரிகின்றது என்ற அளவில் இது நன்மையே. காவல் செய்யலாம், கணக்கிடலாம். ஆயின் இதுவும் ஒழிதலன்று.

குவித்து வைத்த கழிவு காவலின்றிக் கிடப்பின் யாது விளையுமென்பதை இராணிப்பேட்டை இருமுறை காட்டியுள்ளது. பதனிடுதற்குரிய குரோமிய உப்புக்களைச் செய்து 1990களில் மூடப்பட்ட ஓர் ஆலையின் வளவிலே, இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு பல்லாண்டுகள் திறந்தவெளியிற் கிடந்து, மழைதோறும் கரைந்து மஞ்சள் நீராய் நிலத்தில் இறங்கிற்று. தோலிற் பற்றும் குரோமியத்தினும் இது கொடிய வகையினது, புற்றுநோய்க்குக் காரணமாவது. மற்றொன்று, 2015 ஜனவரி இறுதியில் நள்ளிரவிற்குப் பின் நிகழ்ந்தது. சுத்திகரிப்பு நிலையமொன்றின் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, அடுத்த ஆலையில் உறங்கிய தொழிலாளர் பதின்மர் சேற்றில் அமிழ்ந்து மாண்டனர். அவருட் பெரும்பாலார் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நீரைக் காத்தற்கென்று அமைத்த இடத்திலேயே உயிர் போயிற்று. அன்று காலை எம் தந்தையார் வேலைக்குச் செல்லாது வாயிற்படியில் அமர்ந்திருந்ததை எம் அன்னையார் இன்றும் நினைந்து கூறுவர்.

பிற நாடுகளும் இத்துன்பத்திற்கு விலக்கல்ல. வங்காளதேசத்துத் தலைநகராகிய டாக்காவில் அசாரிபாக் என்னும் பகுதித் தோலாலைகள் பூரிகங்கை ஆற்றைக் கெடுத்தன. நீதிமன்ற ஆணையின்படி 2017இல் அவை சாவார் என்னும் இடத்திற்கு மாற்றப்பட்டன. ஆனால் அங்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் முற்றுப்பெறுமுன் ஆலைகள் சென்றமையால் தளேசுவரி ஆறு கெடத் தொடங்கிற்று. ஓர் ஆற்றின் நோய் மற்றோர் ஆற்றுக்குப் பெயர்ந்தது, அவ்வளவே. உலகு தழுவிப் பார்ப்பினும் இதுவே நிகழ்ந்துளது. மேனாடுகள் தம் ஆறுகளைக் காக்கச் சட்டங்களை இறுக்கியபோது, தோல் பதனிடும் வேலையின் பெரும்பகுதி கீழ்நாடுகளுக்கு வந்தது. அங்கே காலணியை வாங்குவோர் கொடுக்கும் விலையில் எம் பாட்டியாரின் வேகாத பருப்புக்கு ஒரு காசும் சேர்க்கப்படுவதில்லை. செலுத்தப்படாத விலையும் ஒழிவதில்லை, ஆற்றின் கீழ்ப்புறத்தே வாழ்வோன் தலையில் விழுகின்றது.

"ஆயின் ஆலைகளை மூடிவிடலாமே" என்பார் உளர். இதனை எம் தந்தையாரிடம் கூறியபோது அவர் சினக்கவில்லை. "பூட்டுப் போட்டால் உன் தாத்தா கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுமென்றால் போடட்டும். முன்னே இறங்கிய உப்பு அங்கேயேதானே கிடக்கிறது? அதை அலசி எடுக்கப் பணம் யார் கொடுப்பார்?" என்றார். இது தம் வயிற்றுக்காகக் கூறிய சொல் மட்டுமன்று. மூடப்பட்ட ஆலையின் கழிவு மூடப்படாமற் கிடந்ததை மேலே கண்டோம். தொழில் மறைவதாலும் தீமை ஒழியாது. நிலத்தடியிலுள்ள உவரைப் பல மழைக்காலங்களின் நன்னீர் இறங்கி இறங்கியே நீர்க்கச் செய்தல் வேண்டும். அதற்கு ஏரிகள் தூர் எடுக்கப்பட வேண்டும், ஆற்றுமணல் அள்ளப்படாதிருக்க வேண்டும், புதிய உப்பு இறங்காதிருக்க வேண்டும்.

புதிய உப்பைத் தடுத்தற்கு வழி, அது கரையுமுன் பிடித்தலே. கரைந்த உப்பைப் பிரிக்க நெருப்பும் எந்திரமும் வேண்டும். கரையாத உப்பை உதறி எடுக்கக் கையும் துடைப்பமும் போதும். தோல் ஆலைக்கு வந்தவுடன் அதன்மேல் ஒட்டிய உப்பை உதறியெடுத்தலும், இயலுமிடத்து உப்பின்றிக் குளிர்வைத்துக் கொணர்தலும், முதற் கழுவுநீரை மற்ற நீரோடு கலக்காமல் தனியே வெயிலில் உலர்த்துதலும், எஞ்சிய குரோமியத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்தலும், நீரைக் குறைத்துப் பதனிடலும் அடையாற்று ஆராய்ச்சி நிலையத்தார் முதலியோர் நெடுங்காலமாய் எடுத்துரைப்பனவே. அறியாமையால் அன்று, அக்கறையின்மையாலேயே பலவிடங்களில் இவை தவறுகின்றன. இவற்றுக்காகும் செலவைக் காலணியின் விலையிற் சேர்த்து வாங்குவோர் கொடுத்தல் வேண்டும்.

கல்லூரி மாணவராகிய நம்மாலும் ஒன்று ஆகும். நீரில் கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றது. சென்ற விடுமுறையில் யாமும் நண்பர் இருவரும் அத்தகைய கருவியொன்று வாங்கித் தாத்தாவின் ஊரில் பத்துக் கிணறுகளை அளந்து குறிப்பேட்டில் எழுதினோம். தாத்தாவின் கிணறு 2,000 என்னும் வரம்பைக் கடந்தே நின்றது. வேறு இரண்டு கிணறுகள் மட்டும் வரம்புக்குள் இருந்தன. அவை ஏரிக்கு அண்மையில் உள்ளவை. சென்ற ஆண்டு மழையில் அவ்வேரி நிரம்பியதென ஊரார் கூறினர். இதனால் ஒன்றையும் முடிவாக உரைக்க யாம் துணியோம். பல ஆண்டுகள், பல ஊர்களில், பலர் அளந்து எழுதினாலன்றி உண்மை தெளியாது. எனினும், தாத்தா அக்குறிப்பேட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துத் தம் கிணற்றுக்கு நேரே எழுதிய எண்ணைப் பார்த்து, "அடுத்த மாதமும் வந்து எழுதுவீர்களா, அப்பா?" என்று வினவினார். வருவோம் என்று சொல்லியுள்ளோம்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களிலிருந்து இக்கல்லூரிக்கு வரும் நண்பர் பலர். அவரவர் ஊரில் பத்துக் கிணறுகளை ஏற்றுத் திங்கள்தோறும் அளந்து எழுதுவராயின், மணலுக்குள் மறைந்ததை நாட்டார் கண்முன் கொணர்ந்து நிறுத்தலாம். கண்முன் நின்றதை ஒழிக்கும் வழியை ஆள்வோரும் ஆலையாரும் பின்னர்ப் புறக்கணித்தல் அரிதாகும். குறிப்பேடு எம்மிடம் உள்ளது. அதில் இன்னும் பல பக்கங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன.